மறுபடியும் வரிசையில்

பெரு நாட்டில் எங்கள் மலையூருக்கு வரும் ரயில் பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சிக்கிக்கொண்ட வெளிநாட்டினரை மட்டும் ஹெலிகாப்டர் ஏற்றிச் சென்றது. பட்டியல் என் கையில்.

நார்வேக்காரி சோல்வெய்கை ஒன்பது மணிக்கு ஏற்றி அனுப்பினேன்; ஹெலிகாப்டர் மலையைத் தாண்டியதையும் பார்த்தேன். பத்து மணிக்கு வரிசையில் அவளே நின்றாள்.

“இலாரியோ இல்லாம நான் போக மாட்டேன்.”

அவளுடைய சுமைதூக்கி இலாரியோ கால் முறிந்து காய்ச்சலில் கிடந்தான்.

“உள்ளூர்க்காரனுக்கு இடமில்லம்மா.”

“ஒண்ணா கோகா இலை மென்னு மலையேறினோம். இலையைப் பகிர்ந்தவங்க ஒண்ணாத்தான் திரும்பணும். உங்க வழக்கம்தானே?”

மறுபடி ஏற்றினேன். பதினொன்றுக்கு நின்றாள். மூன்றாம் முறையும் ஏற்றினேன், பன்னிரண்டுக்கும் நின்றாள்.

“அவன் பேரை எழுதுறியா, இன்னும் வரட்டுமா?”

அதிகாரி முறைக்க முறைக்க எழுதினேன். இலாரியோவோடு அவளும் பறந்தாள்.

சற்று நேரத்தில், ஹெலிகாப்டர் இறங்கும் குஸ்கோ நகரிலிருந்து எங்கள் ஆள் வயர்லெஸ்ஸில் அலறினான்.

“அண்ணே, ஸ்ட்ரெச்சரை இறக்க நாலு பேர் வாங்கன்னு கூப்பிட்டேன். நாலு மூலையிலும் அதே அம்மா நிக்குது!”