சரிவுக் குழியின் வாய்

“மாமா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுமா?”

கேட்டது வெஸ்னா. பதினைந்து வயது. அப்பா பிராங்கோ ஓபல் ரத்தினக் கல் தோண்டப் போய் இரண்டு நாள் ஆகிறது. ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான கூபர் பீடியைச் சுற்றி அவருக்குப் பதினொரு குழிகள். எதில் இறங்கினார் என்று தெரியாமல் ஊரே தேடிக்கொண்டிருந்தது.

“சொல்லும்மா,” என்றார் பக்கத்து வீட்டு ஸ்பிரோ. இருவரும் சாய்வாக உள்ளே இறங்கும் ஒரு சரிவுக் குழியின் மேல்வாயில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

“எந்தக் குழிக்குப் போறேன்னு சமையலறைப் பலகைல எழுதிட்டுத்தானே அப்பா போவாரு? அன்னைக்கும் எழுதியிருந்தாரு. நான்தான் படிக்காமலே அழிச்சேன்.”

“ஏம்மா?”

“முந்தின ராத்திரி சண்டை. அந்த இருமு இருமுறாரு, சிகரெட்டை மட்டும் விடமாட்டேங்கிறாரு. கோவத்துல அழிச்சிட்டு, ‘ஒண்ணு சிகரெட், இல்ல நான்’னு பெருசா எழுதி வெச்சேன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தானே மாமா கொன்னேன்?”

ஸ்பிரோ அவள் தோளைத் தட்டினார்.

“உங்கப்பன் எருமைத்தோலன். அவ்வளவு லேசுல போகமாட்டான்.”

“இதுல இருப்பாரோ?”

“மத்தியானமே பாத்தாச்சு. பாதி வழியில மண்ணு சரிஞ்சு கெடக்கு. கத்திக் கூப்பிட்டோம், சத்தமே இல்ல. துணியைக் கொளுத்திக் குழி வாயில பிடிச்சேன், புகையை அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு. காத்தோட்டம் இருக்கு, ஆள்தான் இல்ல.”

பகலில் நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்திய பாலைவனம் இப்போது இரவில் சில்லிட்டுக் கிடந்தது. குழிக்குள்ளிருந்து மேலேறி வந்த வெதுவெதுப்பான காற்று மட்டும் வெஸ்னாவின் முதுகுக்கு இதமாக இருந்தது.

“வா, அடுத்த குழிக்குப் போவோம்.” ஸ்பிரோ எழுந்து நாலடி நடந்தார்.

வெஸ்னா முகத்தைச் சுளித்தாள். “இப்பவுமா மாமா? அந்தக் கருமத்தை அணைங்க. அப்பா பிடிக்கிற அதே நாத்தம்!”

ஸ்பிரோ திரும்பினார். ஒரு கையில் டார்ச். மறு கையில் கயிற்றுச் சுருள்.

“நான் பிடிக்கவே இல்லையேம்மா.”

வெஸ்னா குழியின் வாயில் குப்புற விழுந்தாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தாள்.