முதல் வரிசைக்கு வராத வாசனை

"வாசனை வந்தா கையைத் தூக்கணுமா மிஸ், இல்ல பத்து எண்ணி முடிச்சா தூக்கணுமா?"

கேள்வி முதல் வரிசையிலிருந்து வந்தது. கேட்டவளுக்கு வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க அவளை 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும்.

கெமிஸ்ட்ரி டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை முந்திக்கொண்டார்.

"பத்து எண்ணி முடிச்சா வாசனை தானா வரும். பேசாம உட்காரு!"

மறுநாள் ஆய்வு அதிகாரி வருகிறார். துகள் பாடத்தைப் பார்க்கப் போகிறார். மேஜைமேல் சென்ட் பாட்டிலைத் திறந்து வைத்தால், அதன் துகள்கள் காற்றில் கலந்து மெல்லப் பரவும். முதல் வரிசை முதலில் கை தூக்கும், கடைசி வரிசை கடைசியில் தூக்கும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆனால் மின்விசிறி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை போலிருக்கிறது. ஒத்திகையில் கடைசி வரிசைதான் முதலில் கை தூக்கியது.

"விசிறியை நிறுத்திடலாமா மேடம்?" என்றார் டீச்சர்.

"அதிகாரிக்கு வேர்க்காதா? நல்லா இருக்கே நீங்க சொல்றது!"

ஆகவே தலைமையாசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் வரிசை மனசுக்குள் பத்து எண்ணிக் கை தூக்கும், ரெண்டாவது வரிசை இருபது, கடைசி வரிசை ஐம்பது. துகள்களுக்கு வேலையே மிச்சம்.

டீச்சருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. அதிகாரி நல்லபடியாக எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பசங்களை எண்ண வைத்து இன்னொரு ஒத்திகை பார்த்தார்.

பாட்டில் தலைமையாசிரியையுடையது. மேலே ரோஜாப் படம். மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம்.

"ரெண்டு ஒத்திகைக்கே கால் பாட்டில் போச்சு" என்று புலம்பியபடி அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை. அதிகாரியை வரவேற்கிற பரபரப்பில் தலைமையாசிரியை அறையில் பால் அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த நாற்றம் வராந்தா வரைக்கும் அடித்தது. வேறு பால் வாங்க நேரமில்லை. அந்தப் பாலிலேயே டீ போட்டு நீட்டினார்.

"ஆகா! இப்படி ஒரு டீ குடிச்சு எத்தனை நாளாச்சு!" என்றார் அதிகாரி.

என்ன ஒரு நாகரிகமான மனுஷர்! கப்பைக் கையில் பிடித்தபடியே வகுப்புக்கு வந்தார்.

டீச்சர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு, ஓரமாக நின்றார். முதல் வரிசை கை தூக்கியது. அப்புறம் ரெண்டாவது, மூன்றாவது. பட்டாளம் தோற்றது போங்கள்.

"பிரமாதம்! எனக்கே வந்துடுச்சு. ரோஜா!" அதிகாரி தாளில் குறித்துக்கொண்டார். பிறகு முதல் வரிசையைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு மட்டும் வரலையா?"

சந்தேகம் எழுந்து நின்றாள். "இல்ல சார்."

"ஒண்ணுமே வரலையா?"

"பால் தீஞ்ச வாசனைதான் வருது சார். உங்க கப்பிலேர்ந்து."

தலைமையாசிரியைக்கு உயிரே போய்விட்டது. "சார், அது கொஞ்சம் மந்தம். நாளைக்கே வேற செக்‌ஷனுக்கு மாத்திடறேன். ஏய், வெளியில போய் நில்லு!"

"சத்தியமா வரலை மிஸ்" என்று டீச்சரைப் பார்த்தாள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

டீச்சர் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். உள்ளங்கையில் சாய்த்துப் பார்த்தார். சுத்தமான பச்சைத் தண்ணீர். தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தார். அவரோ மின்விசிறியை முதல்தடவை பார்ப்பவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

'அவளுக்கு ஜலதோஷம் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு வருஷக் கவலை தீர்ந்தது.

"சார்..." டீச்சர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "அவ சொல்றதுதான் சரி. எனக்கும் வரலை. இது வெறும் தண்ணி. பசங்க மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுக் கை தூக்கினாங்க. நேத்து ஒத்திகை பார்த்தோம். நானும் அதுக்கு உடந்தைதான்."

முப்பத்தொன்பது கைகள் இறங்கின. இறங்கும்போது மட்டும் ஒரு வரிசையும் இல்லை.

அதிகாரி முகம் சிவந்தது. எல்லோரும் இடி விழப்போகிறது என்று காத்திருந்தார்கள். அவர் கப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சந்தேகத்தின் பக்கம் குனிந்தார்.

"பால் ரொம்பவா தீஞ்சிருக்கு?"

"ஆமா சார். வராந்தா பூரா அடிக்குது."

அதிகாரி கப்பை மேஜைமேல் வைத்தார். 'பாடம் புரிந்த மாணவர்கள்' என்ற கட்டத்தில் எழுதியிருந்த முப்பத்தொன்பதை அடித்துவிட்டு, 'ஒன்று' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'ஆசிரியையின் வேலையை நிரந்தரமாக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியைக்குப் பொறுக்கவில்லை. "ஆனா சார், உங்களுக்கே ரோஜா வாசனை வந்துதே?"

அதிகாரி பேனாவை மூடினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல்ல என் மூக்கு போயிடுச்சு மேடம். அன்னையிலேர்ந்து, எத்தனை கை மேல போகுதுன்னு பார்த்துத்தான் எனக்கு வாசனையே வருது."