கேப்டனுக்கு முட்டி வலி

“எனக்கு முட்டி வலிக்குது. எல்லாரும் திரும்பி வாங்க, இறங்கிடலாம்!”

கேப்டன் போட்ட சத்தத்தில், பாறைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல்கலைக்கழக மலையேற்றக் கிளப் மாணவர்கள் அவர்கள். ஒரு ஆள் மட்டுமே நடக்கக்கூடிய அந்தப் பாறை விளிம்பைக் கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொருவராகத் தாண்டியிருந்தார்கள். வரிசையில் கடைசியாக வந்த கமாண்டோவும் கேப்டனும்தான் பாக்கி. உச்சி இதோ, கூப்பிடு தூரத்தில்.

“விளையாடறீங்களாக்கா?” என்றான் நெட்டையன். கிளப்பின் துணைக் கேப்டன்.

“விளையாடற இடமாடா இது? வா.”

“நீங்க அங்கேயே உட்காருங்க. துணைக்குக் கமாண்டோ இருக்கட்டும். நாங்க ஒரு எட்டு போய்த் தொட்டுட்டு வந்துடறோம்.”

“கேப்டன் இல்லாம யாரும் உச்சிக்குப் போகக் கூடாது. நம்ம கிளப் போட்ட விதிதானே? வா.”

வந்தார்கள். வேறு வழி?

இறங்கும்போது காலில் பட்ட கல்லையெல்லாம் நெட்டையன் எட்டி உதைத்துக்கொண்டே வந்தான்.

“வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சுட்டாங்க. எனக்கு இது கடைசி வருஷம். போன தடவை மழை. இந்தத் தடவை முட்டி!”

கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது நிறைய மிச்சம் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். ஒருத்தி கூடாரத்தின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒருவன் அடுப்பைப் பற்றவைத்தான், அணைத்தான், திரும்பவும் பற்றவைத்தான். உட்கார்ந்தவன் எழுந்தான். எழுந்தவன் உச்சியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

மருத்துவம் படிப்பதால் ‘டாக்டர்’ என்று பெயர் வாங்கியிருந்த பெண் கேப்டனிடம் வந்தாள்.

“காட்டுங்கக்கா, பார்க்கிறேன்.”

“பரவாயில்லம்மா.”

“அட, காட்டுங்க.”

முட்டியை அழுத்தினாள். மடக்கி நீட்டினாள். “வீக்கம் இல்லை. மடக்கினாலும் வலிக்கலை. எங்கேதான்கா வலிக்குது?”

“உள்ளுக்குள்ள.”

டாக்டர் எழுந்து போனாள். ஆனால் அவள் உதட்டைப் பிதுக்கியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த கமாண்டோ துள்ளி எழுந்தான். ராணுவக் கால்சட்டையும் முறுக்கிய புஜமுமாக அலைவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“வலியாவது ஒண்ணாவது! அது வலி இல்லைப்பா, கிலி! பக்கத்துல நின்னவன் நான். அந்தப் பாறையைப் பார்த்ததும் இவங்க முகம் போன போக்கை நான்தானே பார்த்தேன்?”

எல்லார் கண்ணும் கேப்டன் மேல் திரும்பியது.

அவள் சூப் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கமாண்டோவையே பார்த்தாள்.

“அப்படியா தெரிஞ்சுது?” என்று மட்டும் கேட்டாள்.

“பின்னே? பயந்தாங்கொள்ளி பின்னால நாங்க ஏன் நடக்கணும்? கேப்டனை மாத்துவோம். நெட்டையன் இருக்கான். சம்மதம்னா கையைத் தூக்குங்க!”

சொன்ன வாயோடு தன் கையை முதலில் தூக்கினான். டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தூக்கினாள். அப்புறம் எல்லாக் கைகளும் எழுந்தன. நெட்டையன் மட்டும் தரையைப் பார்த்தபடி, தோள் வரைக்கும் தூக்கினான்.

கேப்டன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினாள். கிளப்பில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் இருந்த காலம் தொட்டு அது அவள் கழுத்தில்தான் கிடந்தது. கயிறு முடியில் சிக்கிக்கொண்டது. நிதானமாக எடுத்து நெட்டையன் கையில் வைத்தாள்.

“கயிறெல்லாம் என் பையில இருக்கு. ஈரமா இருக்கு, காயப்போட்டுடு.”

குரல் லேசாகப் பிசிறியது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

விசில் கழுத்தில் ஏறியதும் நெட்டையன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருந்தது.

“கேட்டுக்கோங்க! நாளைக்குக் காலையில மறுபடி ஏறறோம். அதே வழி, அதே பாறை. இந்தத் தடவை ஒருத்தர் பாக்கி இல்லாம உச்சியைத் தொடறோம். அக்கா மட்டும் இங்கேயே ஓய்வு எடுக்கட்டும்.”

ஓவென்று சத்தம். தட்டுகளில் கரண்டியால் அடித்தார்கள். டாக்டர் வாயில் விரல் வைத்து விசிலடித்தாள்.

மாஜி கேப்டன் சூப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். தண்ணீர் விரலை விறைக்க வைத்தது. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். கமாண்டோ. ஒரு பாத்திரத்தை எடுத்து, தேய்த்த இடத்தையே தேய்க்க ஆரம்பித்தான்.

“கோபமாக்கா?”

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

“நாளைக்கு நீங்களும் கூட வாங்கக்கா. நெட்டையன்கிட்ட நானே பேசறேன். மூணாவது ஆளுக்குத் தெரியாம பேசறேன்.”

“எதுக்கு? என்னை மாத்தணும்னு முதல் கை தூக்கினவனே நீதானே?”

கமாண்டோ கூடாரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் நாளைக்கு வேண்டியதை எடுத்துவைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். யார் காதுக்கும் எட்டாது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

“இன்னைக்கு மாதிரியே நாளைக்கும் அந்தப் பாறைகிட்ட, பயத்துல கால் வராம நான் உட்கார்ந்துட்டேன்னா... யாருக்குக்கா முட்டி வலிக்கும்?”