சிங்கிள் ஓனர்

ஜெபதாஸ் அந்தக் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

அதை விற்கிற ஹேமநாத் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். ஆள் விஷயம் தெரிந்தவர் போலிருக்கிறதே! பழம்பொருள் சேர்க்கிறவர்களில் சில பேர் வாசனையை வைத்தே வயதைச் சொல்லிவிடுவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான்.

கூரியரில் அனுப்புகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நேரிலேயே வந்துவிட்டார் மனிதர். கூட இன்னொருவரும் வந்திருந்தார். அவர் காலில் பளபளத்த பழுப்பு ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

"ரேர், விண்டேஜ், சிங்கிள் ஓனர், டைரக்ட் ஃப்ரம் ஃபேமிலின்னு போட்டிருந்தியே தம்பி, அத்தினியும் நெசமா?" என்றார் ஜெபதாஸ்.

"அத்தினியும் நெசம் சார்."

சுத்தப் பொய். ஆன்லைன் ஏலத்தில் ஹேமநாத் விற்கிற எந்தப் பொருளுக்கும் அந்த வார்த்தைகள் உப்பு மாதிரி. போடாமல் இறக்க மாட்டான். புத்தூர் கடைத்தெருவில் வாங்கிய அலுமினிய டிபன் கேரியரே அவன் கைக்கு வந்ததும் ஜமீன் பொக்கிஷமாகிவிட்டது.

இந்தக் கடிகாரமும் ஒரு பழைய சாமான் கடையில், துருப்பிடித்த ஆணிகளோடு டப்பாவுக்குள் கிடந்ததுதான். நர்சுகள் உடையில் குத்திக்கொள்வார்களே, தலைகீழாகத் தொங்குகிற சின்னக் கடிகாரம், அது. பின்பக்கம் 'மேரி' என்று பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு, ரிட்டயரான மேரி சிஸ்டர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த பொருள் என்று கதை கட்டிவிட்டான்.

பற்பசை போட்டுத் தேய்த்தும், ஊசியின் கீலில் கொஞ்சம் செம்மண் போகவே இல்லை. அதையும் விடுவானா? 'காலத்தின் முத்திரை' என்று எழுதினான்.

கதை நன்றாகவே வேலை செய்தது. வேறு யாரையும் கிட்டே நெருங்க விடாமல், ஏலத்தைக் கேட்டுக்கொண்டே போய் எடுத்தவர் இந்த ஜெபதாஸ்.

"மேரி சிஸ்டர நீயே பாத்தியா?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஹேமநாத்துக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பொய் விவரம் தருகிறான் என்று அவன்மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. இனி ஒரு புகார் வந்தாலும் கணக்கை மூடிவிடுவோம் என்று ஏலத் தளத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. மனைவி மோனிகாவுக்கு வேறு இது நிறைமாதம்.

"பாத்தேன் சார். போன மாசம் அவங்க ஊட்டுக்கே போயிருந்தேன்."

ஜெபதாஸின் குரல் தழைந்தது. "எப்டி இருந்தாங்க?"

கடிகாரம் வாங்க வந்தவருக்கு இது எதற்கு என்று ஹேமநாத் யோசித்திருக்க வேண்டும். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நல்லாத்தான் இருந்தாங்க. சிரிச்சிக்கினே பேசினாங்க. காபி போட்டுக் குடுத்தாங்க."

"காபியா?" என்ற ஜெபதாஸ், கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமா சார். கெளம்பும்போது, இத நீயே வெச்சிக்கோன்னு பொடவைலேந்து கழட்டிக் குடுத்தாங்க."

கதவில் சாய்ந்திருந்தவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நடுவுல வேற யார் கையும் படல?"

"இல்ல சார். அவங்க கைலேந்து நேரா என் கைக்கு."

"காணிப்பாக்கம் சாமி சாட்சியா செப்பு பாபு."

சித்தூர்ப் பக்கத்தில் எதற்கும் துணிந்தவன்கூடக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் பேரில் பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுவான். பங்காளிச் சண்டையில் ஹேமநாத்தின் பெரியப்பாவே அந்தக் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, சத்தியம் பண்ணத் தைரியம் வராமல் ஈரத்துணியோடு வீடு திரும்பியவர்தான்.

மோனிகாவை நினைத்துக்கொண்டான். பிள்ளையாரப்பா, இந்த ஒரு தடவை மன்னித்துவிடு என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

"காணிப்பாக்கம் சாமி சாட்சியா, அவங்க கைலேந்து நேராதான் சார் வாங்கினேன்."

கூட வந்தவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை வெளியே எடுத்து, இதுவரை பதிவாகிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"போதுமா எஸ்.ஐ. சார்?" என்று அவரிடம் கேட்டார் ஜெபதாஸ்.

ஹேமநாத் பதறி எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எஸ்.ஐ.யா? நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? திருடல சார்! அவங்களேதான் பொடவைலேந்து கழட்டிக் குடுத்தாங்க!"

ஜெபதாஸ் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"எங்கம்மாவ பொதைக்கறப்போ, இத அந்தப் பொடவைல குத்தி அனுப்பினதே நான்தான்."