எப்ப வெட்டின கறி?

மூன்றாவது வரிசையில் ரூபி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஆதித்தன் கையிலிருந்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. போச்சு, இங்கேயும் வந்துவிட்டாள்.

தென்காசியில் அந்தக் கல்யாண மண்டபம் முழுக்கக் கறிக்கடைக்காரர்கள். இனிமேல் கடையில் வைத்துக் கோழியை வெட்டக் கூடாது, கால்நடை டாக்டர் பார்த்து முத்திரை குத்தும் கூடத்தில்தான் அறுக்க வேண்டும், அங்கிருந்து குளிர்பெட்டியில்தான் கடைக்கு வர வேண்டும் என்று புது விதி வரப்போகிறதாம். அதற்கு மக்கள் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வந்திருந்தார்கள். விதி கிடக்கட்டும், போண்டா சூடாக இருக்கிறது என்பதே பாதிப் பேரின் கருத்து.

“வாசுதேவநல்லூர்லருந்து கோழியத் தூக்கிட்டு வந்து இங்கன சீல் குத்திட்டுப் போகணுமாக்கும்? கண்ணு முன்னால வெட்டாத கறிய எவன்யா வாங்குவான்?” என்று ஒருவர் மைக்கில் கத்தினார். கைதட்டல் பலமாக எழுந்தது. ஆதித்தனுக்கு அது காதிலேயே விழவில்லை.

பக்கத்தில் இருந்த ஆட்டுக்கறிக்கடை முகம்மது சலீம் அவன் தொடையைத் தட்டினார். “ஏலே, அவ எந்திரிக்கதுக்கு முன்னால நீ பேசிரு. என் கறில ஒரு குத்தமும் இல்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. இன்னொரு புகார் வந்தா லைசென்ஸ் ரத்துன்னு சொல்லிருக்காங்கல்லா? அவ வாயத் தொறந்தா நீ காலி.”

ஆதித்தன் வேட்டியில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

போன காந்தி ஜெயந்திக்கு மறுநாள், குற்றாலம் ரோட்டில் இருக்கும் அவன் கடைக்கு ரூபி தன் மகன் ஜெனோவைக் கூட்டிக்கொண்டு வந்து கோழிக்கறி வாங்கிப் போனாள். அடுத்த நாள் பிள்ளைக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. ஏழு வயதுதான்.

‘காந்தி ஜெயந்திக்குக் கடையடைப்பு. மிஞ்சின கறியை ஐஸில் போட்டு வைத்திருந்து பிள்ளை தலையில் கட்டிவிட்டான் பாவி’ என்று ஊர் பேசியது. கடையைப் பூட்டினார்கள், கறியைப் பரிசோதனைக்குக் கொண்டு போனார்கள், ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று திறந்தும் விட்டார்கள். ஊர் வாயை யார் பூட்டுவது?

உண்மை ஆதித்தனுக்குத் தெரியும். அன்று காலை லோடு வண்டியில் வந்து இறங்கிய கோழி அது. ரூபி எதிர்க்கடைக்குத் தக்காளி வாங்கப் போயிருந்தாள். கூண்டிலிருந்து எடுத்து அவன் வெட்டியதைப் பார்த்த ஒரே ஆள் ஜெனோதான். “மாமா, ஈரல் எனக்கு” என்று எக்கி எக்கி நின்று கேட்டான்.

இப்போதும் கத்தியை எடுத்தால் போதும், வெட்டுக்கட்டைக்குக் கீழே இருந்து அந்தக் குரல் கேட்கும். ஆதித்தன் குனிந்து பார்ப்பான். கோழி இறகுதான் கிடக்கும்.

அது ஒரு பக்கம் என்றால், ரூபி ஒரு பக்கம். வெயிலானாலும் சாரலானாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடை முன்னால் வந்து நிற்பாள்.

“இது எப்ப வெட்டின கறி அண்ணாச்சி?”

“இப்பத்தாம்மா வெட்டினேன். என்னைக்குமே பழைய கறிய நான் தொட மாட்டேன்” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வான். அதைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போகும். ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போய்விடுவாள். மண்ணை வாரித் தூற்றினால்கூடத் தேவலை, இப்படி ஆளை உயிரோடு அரிக்கிறாளே என்று இருக்கும் அவனுக்கு.

“அடுத்து யாரு பேசுதீங்க?” என்றார் மேடையில் இருந்த அதிகாரி.

ஆதித்தன் எழுவதற்குள் ரூபி எழுந்துவிட்டாள். கையில் மைக் வந்ததும் அவள் மேடையைப் பார்க்கவில்லை. நேராக ஆதித்தனைப் பார்த்தாள்.

“எனக்கு விதியப் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். இந்த அண்ணாச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் வந்தேன்.” மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு ராத்திரி கறிக்குழம்ப ஃப்ரிட்ஜ்ல எடுத்து வைக்க மறந்துட்டேன். விடிய விடிய அடுப்படிலயே கிடந்துட்டு. காலைல அவசரத்துல சூடுகூட பண்ணாம, அதையே தோசைக்கு ஊத்திப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இத எங்க வீட்டுக்காரர்ட்டகூட இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லல.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. சலீம் ஆதித்தனின் கையை இறுக்கிப் பிடித்தார். “ஏலே, அல்லா கண்ணத் தொறந்துட்டான்லே! அவ வாயாலயே வந்துட்டு பாரு. எந்திரி, என் கறி நல்ல கறின்னு சொல்லு.”

ஆதித்தன் எழுந்தான். இத்தனை மாதமாக அவன் ஏங்கிக் கிடந்த நேரம் இதுதான். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுதிக்கொள்ள அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் ரூபி. “நீங்க போட்டது நல்ல கறிதானே? அப்ப எம்பிள்ளைய நாந்தானே கொன்னுருக்கேன்?”

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் என்ன பதிலுக்காக வந்து நின்றாள் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கடை, லைசென்ஸ், போலீஸ், வீட்டில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் ஒரு நிமிஷம் கண்முன் வந்து போயின.

மைக்குக்காகக் கையை நீட்டினான்.

“நீ இல்லம்மா, நான் போட்டது பழைய கறி.”