மேசை எந்தப் பக்கம்?

"சுவரோரம் வேண்டாம்ணே. மேசையை நடுவுல போடுங்க" என்றார் ஓனரம்மா.

உளியண்ணனுக்குச் சுருக்கென்றது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. மரப்பட்டறையில் எல்லோருக்கும் அவர் உளியண்ணன்தான். ஓனரம்மாவின் அப்பா பட்டறையைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே தச்சு வேலை பார்ப்பவர்.

பழைய வேலை மேசை ஆட்டம் கண்டுவிட்டது. "புதுசு பண்ணிக்குங்க. நிக்கப்போறது நீங்க, எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று காலையில் சொன்னவரும் இதே ஓனரம்மாதான்.

அந்த வார்த்தையில் குளிர்ந்துபோய், சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார் மனிதர். குனியாமல் இழைக்கிற உயரம். மரத்தை இறுக்கிப் பிடிக்க இடது கைப்பக்கம் வைஸ். பின்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை, அதில் உளி, ரம்பம் எல்லாம் மாட்டிக்கொள்ளலாம். சுவரை ஒட்டிப் போட்டுவிட்டால் எவ்வளவு அழுத்தி இழைத்தாலும் அசையாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த ஓனரம்மா, கடைசியில்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பின்னாடி பலகையும் வேண்டாம். நீங்க வாசலைப் பார்த்து நிக்கிற மாதிரி பண்ணுங்க."

"நடுவுல போட்டா ஆடும்மா."

"காலைக் கனமாப் போடுங்க."

"உளியெல்லாம் எங்கே மாட்டறது?"

"கீழே டிராயர் வச்சுக்கலாமே."

"ஒவ்வொரு உளிக்கும் குனிஞ்சு நிமிரணுமா? அப்படி என்னம்மா அவசியம்?"

ஓனரம்மா வாயைத் திறந்தார். பாலிஷ்காரரும் மெஷின்காரரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதைக் கவனித்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

"சொன்னாச் செய்ங்கண்ணே" என்று உள்ளே போய்விட்டார்.

பாலிஷ்காரர் மெல்லப் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார். "புரியலையா உங்களுக்கு? ஆபீஸ் ரூம் கண்ணாடிக்கு நேர் எதிர்ல வருது உங்க மேசை. உக்காந்த இடத்துலேருந்தே உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம். வேலை செய்யறீங்களா, தூங்கறீங்களான்னு."

உளியண்ணனுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

"என்னையா? இந்தப் பட்டறையில என்னையா காவல் காக்கணும்?"

அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேக்குப் பலகை ஒன்றை வெறிபிடித்த மாதிரி இழைத்துத் தள்ளினார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"அவங்க அப்பா இருந்தவரைக்கும் என்ன பண்றேன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பாரா? நேத்து வந்தவங்க, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமாம்! நான் என்ன களவாணியா?"

"மெதுவாப் பேசுங்க. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும்! நாளைக்கே பட்டறைச் சாவியைத் தூக்கி எறிஞ்சுட்டு வந்துடறேன்."

"எறிங்க, வேண்டாங்கலை. எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எறிங்க" என்றாள் அவள்.

மறுநாள் முதல் ஆளாகப் போய் நின்றார். மற்றவர்கள் வரவில்லை. எந்த மெஷினும் ஓடவில்லை. ஆபீஸ் ரூமில் ஓனரம்மா முதுகைக் காட்டியபடி அலமாரியில் பசை டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

உளியண்ணன் உள்ளே போய்ப் பட்டறைச் சாவியை அவர் மேசைமேல் டக்கென்று வைத்தார்.

"என்மேல நம்பிக்கை இல்லாத இடத்துல எனக்கு வேலை இல்லம்மா. நான் கிளம்பறேன். எதுக்கு என்னை நடுவுல நிக்க வைக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க."

ஓனரம்மா திரும்பவில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

உளியண்ணன் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"இத்தனை வருஷம் உழைச்சவனுக்குத் திரும்பி நின்னு ஒரு பதில் சொல்லக்கூட மனசு வரலை, இல்ல? இதுதான் மரியாதையா?"

ஓனரம்மா வெடுக்கென்று திரும்பினார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஐயோ... என் தப்புண்ணே. முதுகைக் காட்டிக்கிட்டே பேசிட்டேன்."

"பேசினீங்களா? எப்போ?"

"இவ்வளவு நேரமும் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."



ஓனரம்மா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டார்.

"போன வாரம் சாத்தி வச்சிருந்த பலகை சரிஞ்சப்போ, 'நகருங்க, நகருங்க'ன்னு மெஷின்காரர் தொண்டை கிழியக் கத்தினார். நீங்க சுவரைப் பார்த்து இழைச்சுக்கிட்டே இருந்தீங்க. அவர் ஓடி வந்து இழுத்துவிட்டார். 'எதுக்குடா இழுக்கறே'ன்னு அவரையே திட்டினீங்க."

"மெஷின் சத்தத்துல..." என்று ஆரம்பித்தார் உளியண்ணன். முடிக்கவில்லை. இப்போது எந்த மெஷினும் ஓடவில்லையே.

"கொஞ்ச நாளாவே கவனிக்கறேன்ணே. அவ்வளவு பேர் முன்னாடி நேத்து அதை எப்படிச் சொல்வேன்?"

உளியண்ணன் மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார்.

"அப்போ... என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காரறதுக்கு இல்லையா?"

"உங்க முகம் எனக்கு எதுக்குண்ணே? கூப்பிடறவங்க வாய் அசையறது உங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான்."