வஹீப் சொல்லாத எண்

கிழவரின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துவிட்டு, எங்கள் பயிற்சியாளர் வஹீப் உஸ்தாதின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் எண்ணைச் சொல்வார் என்று காத்திருந்தேன். வெட்கக்கேடுதான். ஆனால் அதுதான் நடந்தது.

மூன்று மாதமாக முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் கையைப் பிடித்துப் பழகியவள் நான். பொம்மைக்கு ஏது நாடி? நாங்கள் விரலை வைப்போம். உஸ்தாத், "தொண்ணூறு, சீரா இருக்கு" என்பார். எழுதிக்கொள்வோம். மூச்சு, தோலின் சூடு, பழைய வியாதி எல்லாமே அவர் வாயிலிருந்துதான் வரும். இல்லாத நோயாளிக்கு மூன்று தலைமுறைக் கதை கட்டுவதில் மனிதர் கெட்டிக்காரர்.

இன்றைக்கு நிஜ மனிதர். மீனா துறைமுகத்துப் பக்கம், ஆறாவது மாடி வீடு. காலை பத்து மணி, கரண்ட் இல்லை, லிஃப்ட் எங்கோ பாதியில் நிற்கிறது. படியேறும்போதே உஸ்தாத் சொல்லிவிட்டார்.

"ஜுமானா, இன்னிக்கு நீதான் பாக்குற. நான் கை வைக்க மாட்டேன்."

தேறினால் அடுத்த வாரத்திலிருந்து நானும் ஆம்புலன்ஸ் குழுவில் ஒருத்தி. தேறாவிட்டால் மறுபடியும் பொம்மை.

"எவ்வளவு?" என்றார் உஸ்தாத்.

அவர் உள்ளேகூட வரவில்லை. வாசலில் நின்றபடி, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். துடிப்பது என் நாடியா கிழவர் நாடியா என்றே முதலில் பிடிபடவில்லை.

"நூத்திப் பன்னெண்டு."

"திரும்ப எண்ணு."

தப்புப் பண்ணிவிட்டேன் போல. மறுபடி எண்ணினேன். அதே நூற்றுப் பன்னிரண்டு. கிழவரின் சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றி ஜில்லென்றிருந்தது. தோளைக் கிள்ளினால் ஒரு முனகல், அவ்வளவுதான்.

எங்களுக்குப் போன் செய்த பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கிளாஸோடு குனிந்தார். மயக்கம் தெளியட்டும் என்று கிழவரின் முகத்தில் ஏற்கெனவே ஆரஞ்சுப் பூத் தண்ணீரைத் தேய்த்திருந்தார். வீடே மணத்தது.

"ஐயா, வாயில எதையும் ஊத்தாதீங்க."

"ஒரு மடக்கு குடுத்தா எந்திரிச்சிருவாரும்மா!"

"மூச்சுக்குழாய்க்குள்ள போனா எந்திரிக்கவே மாட்டார். தள்ளுங்க."

கிழவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எங்கள் டிரைவர் தனூஸ் ஆளை இறக்கும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி கீழே மூச்சு வாங்குவது கேட்டது.

அடுத்தது கேள்விகள். வரிசை எனக்குத் தூக்கத்திலும் வரும்.

"இவர் பேரு என்ன?"

"பேரு தெரியாதும்மா, ஹாஜ்னு கூப்பிடுவேன். நான் குடிவந்தே ரெண்டு மாசந்தான் ஆகுது."

"என்ன வியாதி? என்ன மருந்து? எது ஒத்துக்காது?"

அவர் கையை விரித்தார்.

"பென்சிலின் ஒத்துக்காது." குரல் வாசலிலிருந்து வந்தது. "இருபது வருஷமா சர்க்கரை. காலையில ஊசி போட்டுக்குவார். நெஞ்சுல ஆபரேஷன் ஆகி ஒம்பது வருஷம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷர் இங்கே இழுத்துக்கொண்டு கிடக்கிறார், இவர் வகுப்பு நினைப்பில் கதை கட்டுகிறார்.

"உஸ்தாத், விளையாடாதீங்க. இது பொம்மை இல்ல."

"இடது கால்ல ரெண்டாவது விரல் இருக்காது," என்றார் அவர். "கழட்டிப் பாரு."

காலுறையை உருவினேன்.

விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய தழும்புதான் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது அக்குளிலிருந்து எடுத்தாரோ, இரண்டு கைகளும் கிழவரை நோக்கிப் பாதி நீண்டிருந்தன. எவ்வளவு என்றும் திரும்ப எண்ணு என்றும் அவர் சொன்னது எனக்கு மதிப்பெண் போட அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிழவரின் விரல் நுனியில் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தேன்.

"முப்பத்தி நாலு," என்றேன். அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

உஸ்தாத் படிப்பக்கம் திரும்பி, "தனூஸ், சீக்கிரம்!" என்று கத்தினார்.

தனூஸ் வந்து நாற்காலியை விரித்தான். இறக்க வேண்டியது ஆறு மாடி. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டாரா? ஆஸ்பத்திரி வாசலிலேயே முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தாளில் அந்த ஒரு கட்டம்தான் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

"உஸ்தாத், உங்க அப்பா கடைசியா எப்ப சாப்பிட்டார்?"

பென்சிலினைச் சொன்னவர், காலில் இல்லாத விரலைச் சொன்னவர், வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தார்.

"தெரியல," என்றார். வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தார். "நாலு வருஷமா தெரியல."